புதுச்சேரியின் பழைய வீடுகள்: தெருவில் நின்றே பார்க்க வேண்டியவை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும் மேரி (பிரெஞ்சில் நகராட்சி மன்றம்) கட்டடம் பார்வைக்குத்தான் பழசு. 1870 வாக்கில் கட்டிய அசல் கட்டடம் 2014 நவம்பர் கடைசியில் கொட்டிய மழையில் சரிந்தது. இப்போது இருப்பது அதே சாயலில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தது. சுண்ணாம்புக் கட்டடத்தைத் தண்ணீர் எப்படி அழிக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊரைச் சுற்றினால், எந்த வீடு தாங்கும், எது ஆபத்தில் இருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களோடு திரும்பிவிடுபவர்கள் இழப்பது இதைத்தான். மிஷன் வீதியிலிருந்து பிரியும் கால்வே சுப்பராய செட்டி வீதியை ஊரில் வைசியாள் வீதி என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. தனி வீடாக எடுக்காமல் தெருவையே எடுத்ததுதான் சரியான முடிவு. மரத்தூண் தாங்கும் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல், அதற்கு உட்புறம் திண்ணை வருகிறவருக்கு. நடுவில் ஒரு வீடு போனாலும் வரிசை பல் விழுந்த வாய் போலாகிவிடும். பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மாடி பிரெஞ்சு பாணி. மார்க்கெட் பக்கமுள்ள ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டிலும் அப்படியே: கீழே மரத்தூண், மேலே வெள்ளைத் தூண் வரிசை.

முதலில் சுவரின் அடி மூன்றடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு உப்பியிருந்தால், அநேகமாகச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உள்ளே செங்கல் பொடியாகும். "சிமெண்ட் பூசினால் கெட்டியாக இருக்கும்" என்ற நினைப்பு இந்த ஊரில் எத்தனையோ நல்ல சுவர்களைக் கெடுத்திருக்கிறது. சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை ஆறவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு என்று கலந்து மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒவ்வொன்றையும் ஈரம் காயாமல் சில நாள் காக்க வேண்டும்; அவசரப்பட்டு வெயிலில் விட்டால் முடிபோல மெல்லிய வெடிப்பு விழும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது, சுண்ணாம்படிப்பதே சரி.

அடுத்து தலையைத் தூக்கி மச்சைப் பாருங்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டங்கள், குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம், கடைசியாகத் தட்டு ஓடு. இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்கிறோம். இது பெரும்பாலும் நடுவில் விழாது, ஓரத்தில்தான் விழும். மொட்டை மாடித் தண்ணீர் போகும் வாய் அடைத்து, தேங்கிய நீர் சுவருக்குள் இறங்கி, செங்கல்லுக்குள் காற்றில்லாமல் புதைந்திருக்கும் உத்திர முனையை மக்க வைக்கும். வெளியே சுவரில் உத்திரத்துக்கு நேராகக் கறை வடிந்திருந்தால் அதுதான் அறிகுறி. உள்ளிருப்பவர் திருப்புளியால் குத்திப் பார்க்கலாம்: முனை சுலபமாக இறங்கினால் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று மேலே இன்னொரு கான்கிரீட் போடுவது உத்திரத்துக்குப் பாரம் கூட்டுவதுதான்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று தெரிந்தால் வெறுமனே பிடுங்க வேண்டாம். வேர் அறுந்து உள்ளேயே தங்கித் திரும்பத் தழைக்கும். சுற்றியுள்ள செங்கலை எடுத்து, வேரை முழுக்க நீக்கி, சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். இதையும் தண்ணீர் வாயைச் சுத்தம் செய்வதையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது.