தேசிய நெடுஞ்சாலை: திட்டம், நிதி, விடைத்தாள்

சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வின் மூன்றாம் பொது அறிவுத் தாள் பாடத்திட்டத்தில் ‘உள்கட்டமைப்பு’ என்று ஒரு வரி உண்டு. அதை ஒட்டியே ‘முதலீட்டு மாதிரிகள்’ என்று இன்னொரு வரி. இவ்விரண்டையும் தனித்தனி நோட்டில் படிப்பவர்கள்தான் சாலைக் கேள்வியில் சறுக்குகிறார்கள். பாரத்மாலா, கதிசக்தி, ஃபாஸ்டேக் எனப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். யார் எப்போது பணம் போடுகிறார், வண்டி குறைந்தால் நஷ்டம் யாருக்கு என்பது மட்டும் வராது. மதிப்பெண் இருப்பது அங்கேதான்.

அரசியலமைப்புப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியலின் 23ஆம் இனம். மற்ற சாலைகள் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனம். 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் சாலையை அறிவிக்க, 1988ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தை அமைக்க. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எல்லாத் தேசிய நெடுஞ்சாலைகளும் ஆணையத்தின் கையில் இல்லை. ஒரு பகுதியை மத்திய அரசின் பணத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறைகளே பார்க்கின்றன. எல்லைப்புறத்தில் எல்லைச் சாலைகள் அமைப்பும் உண்டு.

திட்டமிடலை எழுதும்போது ‘தேவை கண்டறியப்படுகிறது’ என்று மொட்டையாக எழுதாமல், எப்படி என்று ஒரு கணக்கைக் காட்டுங்கள். வாகனங்களை எண்ணுவது தலைக்கணக்கு அல்ல, எல்லாவற்றையும் கார் அலகாக (பி.சி.யு.) மாற்றுவார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் கையேட்டின்படி கிராமப்புறச் சாலையில் கார் 1, இருசக்கர வாகனம் 0.5, இலகு சரக்கு வண்டி 1.5, லாரியும் பஸ்ஸும் 3, மாட்டுவண்டி 8. மாட்டுவண்டிக்கு ஏன் 8 என்றால், எடைக்காக அல்ல. அது நகரும் வேகத்தில் பின்னால் வருபவர்களை எவ்வளவு நேரம் கட்டிப்போடுகிறது என்பதற்காக. ஒரு நாளில் 4,000 கார், 6,000 இருசக்கர வாகனம், 800 இலகு சரக்கு வண்டி, 1,500 லாரி மற்றும் பஸ், 15 மாட்டுவண்டி என்று வைத்துக்கொள்வோம். 4,000 + 3,000 + 1,200 + 4,500 + 120 = 12,820. சமவெளியில் இருவழிச் சாலையின் வடிவமைப்புத் திறன் அதே கையேட்டில் 15,000. ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்றால் நான்காம் ஆண்டில் எல்லை தாண்டிவிடும். திட்ட அறிக்கை, நில எடுப்பு, கட்டுமானம் எல்லாம் சேர்ந்தால் நான்கு ஆண்டு போதாது. அதனால் சாலை நிரம்பும் வரை காத்திருந்து திட்டமிடுவது தாமதமான திட்டமிடல். இந்தக் கணக்கைச் சிறிய பெட்டியாகப் போட்டால் நான்கு வரி விளக்கம் மிச்சம்.

நில எடுப்பில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 3ஏ என்பது எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு மட்டுமே. ஆட்சேபணைக்கு 3சி பிரிவில் 21 நாள். 3டி பிரகடனம் வந்தால்தான் நிலம் அரசுக்குச் சேரும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அறிவிப்பு காலாவதி (நீதிமன்றத் தடை இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள்). 3ஜி இழப்பீடு நிர்ணயம். இந்த வேறுபாட்டுக்குச் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த அறிவிப்புகளை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி 3ஏ அறிவிப்புக்கு முன்பே வேண்டியதில்லை என்றது. ஆனால் 3ஏ கட்டத்திலேயே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது செல்லாது என்றும் சொன்னது. நிலம் அப்போது அரசுக்குச் சேரவே இல்லை அல்லவா? ‘அரசு வென்றது’ என்று ஒரே வரியில் எழுதுபவர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்.

இனி பணம். பெட்ரோல், டீசல் மீதான செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்காக வசூலிக்கும் கூடுதல் வரி) நேரே சாலை நிதிக்குப் போவதில்லை. முதலில் இந்தியத் தொகுப்பு நிதி, பிறகு நாடாளுமன்ற ஒப்புதல், அதன்பின்தான் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி. 2000ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டத்துக்கு 2018இல் இந்தப் பெயர் வந்தது. சாலைக்கு மட்டுமே இருந்த பணம் மற்ற உள்கட்டமைப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டது. செஸ் என்பதால் மாநிலங்களோடு பகிரும் வரித்தொகுப்பில் இது சேராது. கூட்டாட்சி பற்றிய கேள்விக்கும் இதே வரி கைகொடுக்கும். ஆணையத்தின் சந்தைக் கடன் இன்னொரு வழியாக இருந்தது. கடன் சுமை ஏறியதால் 2022–23 முதல் அதை நிறுத்தி, பட்ஜெட் ஒதுக்கீட்டைக் கூட்டினார்கள். கட்டி முடித்த சாலையைக் குத்தகைக்கு விடும் டி.ஓ.டி., சாலை வருமானத்தைக் காட்டி முதலீட்டாளர்களுக்கு அலகுகள் விற்கும் இன்விட் ஆகியவை பழைய சாலையிலிருந்து புதிய சாலைக்குப் பணம் திரட்டும் வழிகள். அவற்றைக் கட்டுமான மாதிரிகளோடு ஒரே அட்டவணையில் கலப்பது அடிக்கடி காணும் தவறு.

கட்டுமான மாதிரிகளில் ஈ.பி.சி.யில் (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில்) முழுச் செலவும் அரசுடையது. பி.ஓ.டி. (கட்டி, நடத்தி, ஒப்படைத்தல்) சுங்க முறையில் ஒப்பந்ததாரர் பணம் போட்டு, சுங்கம் வசூலித்து, வண்டி குறைந்தால் நஷ்டத்தையும் சுமக்கிறார். 2012ஐ ஒட்டி இதற்கு ஏலம் கேட்க ஆளில்லாமல் போனதுதான் 2016இல் ஹைப்ரிட் ஆன்யூட்டி (ஹேம்) வரக் காரணம். ரூ.1,000 கோடி திட்டமென்றால், கட்டும் காலத்தில் பணி முன்னேற்றத்துக்கேற்ப அரசு ரூ.400 கோடி தரும். மீதி ரூ.600 கோடியை ஒப்பந்ததாரர் சொந்த முதலாலும் வங்கிக் கடனாலும் திரட்டுவார். அது 15 ஆண்டில் அரையாண்டுக்கு ஒன்றாக 30 தவணையில் வட்டியோடு திரும்பும். பராமரிப்புத் தொகை தனி. சுங்கம் ஆணையத்துக்கே போகும். எனவே போக்குவரத்து ரிஸ்க் அரசுக்கு, கட்டுமான ரிஸ்க் ஒப்பந்ததாரருக்கு. ‘ஹேமில் 60 சதவீதம் தனியார் முதலீடு’ என்று எழுதி நிறுத்தினால் பாதி விடைதான். அந்த 60 சதவீதமும் பின்னாளில் அரசு தீர்க்க வேண்டிய பொறுப்பு என்று சேர்த்தால் முழுமை.

விமர்சனப் பத்திக்குத் தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை போதும். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டம் 2017இல் 34,800 கி.மீ.க்கு ரூ.5.35 லட்சம் கோடியில் ஒப்புதல் பெற்றது. கிலோமீட்டருக்கு ரூ.15.37 கோடி என்று ஒப்புக்கொள்ளப்பட்ட செலவு, அனுமதிக்கப்பட்ட திட்டங்களில் ரூ.32.17 கோடியாக இருந்ததாக அறிக்கை சொல்கிறது. டெல்லியை ஒட்டிய துவாரகா விரைவுச்சாலையில் கிலோமீட்டருக்கு ரூ.18.20 கோடிக்குப் பதில் ரூ.250.77 கோடி என்ற எண்ணை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். 18.20 தேசிய சராசரி, அங்கே கட்டியதோ பெரும்பகுதி உயர்மட்டச் சாலை என்ற அமைச்சகத்தின் பதிலையும் ஒரு வரி எழுதுங்கள். திருத்துபவர் பார்ப்பது அந்தச் சமநிலையை.

பட்ஜெட் எண்களில் அமைச்சக ஒதுக்கீடு ஒன்று, ஆணையத்தின் பங்கு ஒன்று, இரண்டு போதும்: 2025–26இல் சுமார் ரூ.2.87 லட்சம் கோடி, அதில் ரூ.1.70 லட்சம் கோடி. தேர்வு எழுதும் ஆண்டின் எண்ணை அதே இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். 250 சொல் விடைக்குக் கிடைப்பது 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பணம் நகரும் வழியை அம்புக்குறி போட்டு வரைய ஒன்றரை நிமிடம், மூன்று மாதிரிகளுக்கு ஓர் அட்டவணை: பணம் யாருடையது, சுங்கம் யாருக்கு, ரிஸ்க் யாருக்கு. வேறு பத்தி சேர்ப்பதானால் அதற்கப்புறம்.