சூடானால் நிற்கும் கார்: கிராங்க் சென்சார் கோளாறைத் தேடிப் பிடித்த அனுபவம்

எங்கள் வீடு பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில், கார் 2009 மாடல் பெட்ரோல் வண்டி. போன ஆனி மாதம் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம், ராமேஸ்வரத்தில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது பாம்பன் பாலத்தின் மேலேயே எஞ்சின் அணைந்துவிட்டது. உதறல் இல்லை, இழுவைக் குறைவு இல்லை, யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல. பின்னால் பஸ், ஒதுங்க இடமில்லை. நடுப்பாலம் உயரமாக இருப்பதால் நியூட்ரலில் போட்டு அப்படியே மண்டபம் பக்கம் உருட்டி இறக்கினேன். கீழே வந்து செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. 20 நிமிடம் கழித்து ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

அப்போது கவனித்த ஒரு விஷயம்தான் கடைசிவரை உதவியது. நல்ல நாளில் செல்ஃப் அடிக்கும்போதே ஆர்பிஎம் முள் லேசாக எழும். அன்று அது அசையவே இல்லை. அதாவது எஞ்சின் சுற்றுவதே அதை இயக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, தெரியாவிட்டால் பெட்ரோலும் விடாது, ஸ்பார்க்கும் கொடுக்காது. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். பல பெட்ரோல் எஞ்சின்களில் கிராங்கோடு சேர்ந்து சுற்றும், 60 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்தில் இரண்டை விட்டு 58 பல் இருக்கும், அவை கடந்து போகும்போது சென்சாரின் காயிலில், அதாவது கம்பிச்சுருளில், சின்ன மின்னோட்டம் பிறக்கும், விடுபட்ட இடத்தை வைத்து எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

ராமநாதபுரத்தில் ஸ்கேனர் போட்டோம். பி0335 என்ற கோளாறு கோடு வந்தது. மெக்கானிக் தம்பி ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டுப் பார்த்தார், உடனே ஸ்டார்ட் ஆனது. சூட்டில் காயில் விட்டுப்போகும் சென்சாருக்கு இது பழைய சோதனைதான். "சென்சார் போச்சுண்ணே" என்றார், நானும் நம்பினேன், புதுசு மாட்டினோம். மூன்று வாரம் ஓடியது. உச்சிப்புளி தாண்டி மறுபடியும் நின்றது, அதே கோடு.

அன்றிலிருந்து மல்டிமீட்டரை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். வீட்டில் ஆறிக் கிடக்கும்போது அளந்து பயனில்லை, எல்லாம் சரியாகவே காட்டும். நிற்கும் நேரத்தில் அளக்க வேண்டும். நாலாம் நாள் பெருங்குளம் பக்கம் வாய்ப்பு கிடைத்தது. சென்சாரில் வயர் வந்து மாட்டும் பிளக்கான கப்ளரைக் கழற்றிச் சென்சார் பின்னில் வைத்தால் ஏறக்குறைய 1,000 ஓம். ஆறியிருந்தபோது 860 இருந்தது. செம்பு சூடானால் மின்தடை ஏறத்தான் செய்யும், அதனால் இது கோளாறில்லை. கப்ளரைத் திரும்ப மாட்டி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கில் அதே இரண்டு வயரையும் அளந்தேன். ஓப்பன். அப்படியென்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

எங்கே என்று பிடித்துக் கொடுத்தவர் கீழக்கரையில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), படகு எஞ்சின்களுக்கும் அவர்தான் பார்ப்பார். மீட்டரை மாட்டிவிட்டு ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, விரலால் ஒவ்வொரு சாணாக மடக்கிக்கொண்டே வந்தார். கப்ளருக்கு ஒரு சாண் தள்ளி எண் தாவியது. டேப்பைப் பிரித்தால் கறுப்பு இன்சுலேஷன் மேல் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. "தம்பி, இங்கன யாரோ ஊசி குத்தியிருக்காங்க" என்றார். எப்போதோ ஒரு வேலையில் டெஸ்ட் லேம்ப் ஊசியை வயரில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். மதுரையில் அந்த ஓட்டை பல வருஷம் தாங்கியிருக்கலாம். இங்கே உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி, இழைகளுக்கு நடுவில் ஊறி, இருபக்கமும் இரண்டு அங்குலம் தின்றிருந்தது. சீவினால் செம்பு இல்லை, விரலில் கறுப்பும் பச்சையுமாகப் பொடிதான் ஒட்டியது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மிஞ்சிய ஓரிரு இழை ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் இருந்திருக்கிறது. ஈரத்துணி ஏமாற்றியதும் இதனால்தான். துணி சென்சாரை மட்டும் குளிர வைக்கவில்லை, பக்கத்தில் போகும் வயரையும் சேர்த்துக் குளிர வைத்துவிட்டது. தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பி0335 என்பது அந்த சர்க்யூட்டில் தகராறு என்று மட்டுமே சொல்லும், சென்சார் கெட்டது என்று சொல்லாது.

பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது வயர் சேர்த்துச் சாலிடர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டார். மின் இரைச்சலைத் தடுக்க வெளியே சுற்றியிருந்த ஷீல்டு கம்பிப் பின்னலையும் மறக்காமல் சேர்த்தார், ஆனால் சென்சார் முனையில் அதை எர்த்தில் இணைக்கவில்லை. அது கம்ப்யூட்டர் பக்கம் மட்டுமே எர்த் ஆக வேண்டும், இரண்டு பக்கமும் கொடுத்தால் சிக்னலில் வேண்டாத இரைச்சல் ஏறும். கப்ளரில் ஈரம் புகாமல் டைஎலக்ட்ரிக் கிரீஸ், பிறகு சைலன்சர் மேனிஃபோல்டில் உரசாமல் கிளிப். கூலி 600 ரூபாய்.

அதற்குப் பிறகு அரிச்சல்முனை வரை நாலு தடவை போய் வந்தாயிற்று, நிற்கவில்லை. கழற்றிப்போட்ட பழைய சென்சாரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் டம்ளரில் இறக்கி அளந்தேன். 850-இல் இருந்து மெல்ல மெல்ல ஏறியது, ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை. துடைத்து, 10 நம்பர் ஸ்பானரோடு சேர்த்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.