ஓடாத வண்டிக்கும் கூலன்ட் மாற்றணுமா?

"வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கூலன்ட்?"

பழைய கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர்மேலும் தப்பில்லை. வழக்கமான பச்சைக் கூலன்ட்டுக்கு 50,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்றுதான் சொல்வார்கள். அவர் கண் ஐம்பதாயிரத்தில் போய் நின்றுவிடுகிறது. என்னிடம் இருப்பது 1098 சிசி மோரிஸ் மைனர். அது ஐம்பதாயிரம் ஓடி முடிக்க என் பேரன் தலையெடுக்க வேண்டும். அதனால் எனக்கு அந்த வரியில் கிலோமீட்டர் கண்ணிலேயே படாது, ஆண்டு மட்டும்தான்.

எஞ்சினுக்குள் சுற்றிவரும் கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர். கிளைக்கால் லேசில் கெடாது. கெடுவது அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. பழைய பாணிக் கூலன்ட்டில் சிலிகேட், போரேட், நைட்ரைட் என்று ஏதாவது ஒரு கூட்டணி இருக்கும். இவை உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு காவல் காக்கின்றன, காக்கும்போதே தீர்ந்தும் போகின்றன. வண்டி நின்றாலும் இந்தச் செலவு நிற்பதில்லை. உள்ளே வார்ப்பிரும்பு பிளாக், செம்பு பித்தளை ரேடியேட்டர், அதைப் பற்றவைத்த ஈயப்பற்று, சில வண்டிகளில் அலுமினிய ஹெட், எல்லாமே ஒரே திரவத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. பல உலோகம், நடுவில் மின்சாரம் கடத்தும் திரவம். இது பேட்டரியின் இலக்கணம். மருந்து தீர்ந்த அன்றிலிருந்து அந்த பேட்டரி வேலை செய்ய ஆரம்பிக்கும், நாம் சாவி போட்டாலும் போடாவிட்டாலும்.

பழைய வண்டிகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இப்போதைய கார்களில் தனி டப்பா வைத்து, காற்று புகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் வண்டிகளில் பலவற்றில் ரேடியேட்டர் மேல்தொட்டியிலேயே ஒரு காற்றிடம் இருக்கும். சூடானால் காற்று ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியே போகும், ஆறினால் புதுக் காற்று உள்ளே வரும். ஆக்சிஜனும் சூடும் சேர்ந்தால் கிளைக்கால் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக மாறும். அதைச் சமாளிக்கவும் அதே மருந்துதான் செலவாக வேண்டும்.

உறைபனியே எட்டிப்பார்க்காத இடத்தில் இருப்பவர்கள் "ஆன்டிஃப்ரீஸ் நமக்கெதுக்கு" என்று வெறும் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது உண்மைதான், ஆனால் அந்த எண்ணுக்காக நான் அதை ஊற்றுவதில்லை. துருவுக்காக ஊற்றுகிறேன். கலவையில் கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மருந்தின் அளவும் போதாமல் போய்விடும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஹோஸை மாற்றாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமாளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரெண்டு வருஷக் கெடு அவர்களுக்குப் பொருந்தாது, அதற்கு முன்னாலேயே அங்கே மருந்து நீர்த்துப்போயிருக்கும்.

சரி, கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்? நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிறம் சாயம்தான். பழுப்பாகிவிட்டால் துரு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம், அது முன்னெச்சரிக்கை ஆகாது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து "எல்லாம் பக்கா" என்பவர்களும் உண்டு. அந்தக் கருவி கிளைக்கால் எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லும். மருந்து மிச்சமிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் வேண்டும். முக்கி எடுத்து பிஹெச் பார்க்கலாம். பழைய பாணிக் கூலன்ட் புதிதில் நன்றாகக் காரமாக இருக்கும். ஏழுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து வோல்ட் பார்க்கும் வித்தையையும் செய்து பார்ப்பேன். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு முடிவும் எடுக்க மாட்டேன், எர்த் சரியில்லாத வண்டியில் அது வேறு கதை சொல்லும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தச் சோதனை எல்லாம் பொழுதுபோக்குதான். ரேடியேட்டர் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி, ஊற்றிய மாதமும் வருடமும் எழுதி வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷம் ஆனால் மாற்றிவிடுவேன். ஒரு ரேடியேட்டரைப் பிரித்துக் கோர் மாற்றும் செலவை நினைத்தால் கூலன்ட் விலை ஒரு பொருட்டே இல்லை.

அஞ்சு வருஷம் தாங்கும் ஓஏடி (OAT, கரிம அமில மருந்து கலந்த) வகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. இப்போதைய அலுமினிய எஞ்சினுக்கு அருமையான சரக்கு. ஈயப்பற்று ரேடியேட்டரும் பழங்கால கேஸ்கெட்டும் உள்ள வண்டியில் அதை ஊற்ற எனக்கு மனசு வராது. கசிவு ஆரம்பித்ததாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் காலத்து வண்டிக்கு சிலிகேட் உள்ள ஐஏடி (IAT) வகைதான், அதாவது நான் மேலே சொன்ன பழைய பாணிக் கூலன்ட். ரெண்டையும் கலந்து ஊற்றும் யோசனை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். பெரும்பாலானவர்கள் வண்டி பல மாதம் நின்று, மறுபடி வெளியே எடுக்கும்போது "சர்வீஸ்" என்று கூலன்ட் மாற்றுகிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுங்கள். மருந்து தேவைப்படுவது அந்த நிற்கும் மாதங்களில்தான். அமிலமான பழைய கூலன்ட்டில் எஞ்சினை ஊறவைத்துவிட்டு, அரிப்பெல்லாம் முடிந்த பிறகு புதுசு ஊற்றி என்ன பயன்? அதைவிட மோசம், "நிற்கத்தானே போகிறது" என்று வடித்துவிட்டுக் காலியாக வைப்பது. ஈரமான வார்ப்பிரும்பும் காற்றும் சேர்ந்தால் துரு ஓடி வரும், வாட்டர் பம்ப் சீலும் காய்ந்துபோகும். நிறைத்தே வையுங்கள்.

வடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஞ்சின் ஆறட்டும், சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், ஹீட்டர் டேப்பைத் திறந்து வையுங்கள். ஆனால் ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டு "முடிஞ்சது" என்று கைகழுவும் பழக்கம் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் வில்லங்கம். பிளாக்கில் கீழே தனியாக ஒரு வடிகுழாய் இருக்கும். நான் இந்த வண்டியை வாங்கிய புதிதில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. முழுசாகக் கழற்றினேன், அப்போதும் ஓட்டை வறண்டே இருந்தது. கெட்டிக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்ததும் முதலில் ஈரச் செங்கல்பொடி மாதிரி ஒரு கட்டி விழுந்தது, பின்னாலேயே கம்பியைப் பிடித்திருந்த கையெல்லாம் நனையும்படி பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. இத்தனை நாளும் ரேடியேட்டரில் புதுசு ஊற்றியவர்கள் எல்லாம் இதோடுதான் கலந்திருக்கிறார்கள். ஓடும் வண்டியில் இந்த வண்டல் சுற்றிக்கொண்டாவது இருக்கும். நிற்கும் வண்டியில் சிலிண்டரைச் சுற்றி அடியில் படிந்து கெட்டியாகிவிடும்.

அதன்பின் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் கையைச் சுடும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து வடியுங்கள். வருவது தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு சூட்சுமம்: எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதன்மேல் ரெடிமேட் கலவையை ஊற்றினால் நீர்த்துவிடும். அதனால் நான் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டாக வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புகிறேன். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் வேண்டாம்.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்த பாத்திரத்திலும் விடாதீர்கள். கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போய்விடும். மூடி போட்ட கேனில் ஊற்றி, கழிவுக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

புதுசு ஊற்றிய பிறகு முதல் ஒன்றிரண்டு ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் ஆறியதும் மட்டம் பாருங்கள். காற்றுக்குமிழ் வெளியேறிக் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்புங்கள். ஆனால் கழுத்து வரை நிரப்பிவிடாதீர்கள். தனி டப்பா இல்லாத ரேடியேட்டர் சூட்டில் விரிந்ததைக் குழாய் வழியே துப்பிவிட்டுத் தன் மட்டத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். சிலர் அதைக் குறை என்று நினைத்து வாரா வாரம் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கழுத்துக்கு ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழே நின்றால் விட்டுவிடுங்கள்.