சிசேரியனும் அந்த அரை டம்ளர் வெந்நீரும்

வயிற்றில் குழந்தையின் தலை கடைசிவரை கீழே திரும்பவில்லை. அதனால் 39-வது வாரத்தில் சிசேரியன் என்று முன்பே நாள் குறித்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வலி இல்லை, ஆனால் வயிற்றை அமுக்குவதும் இழுப்பதும் நன்றாகவே தெரிந்தது. அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். குழந்தையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள், தையல் போடத்தான் நேரம் பிடித்தது. வெளியே கொண்டுவந்தபோது பல் தந்தியடிக்க உடம்பு நடுங்கியது. ஜன்னியோ என்று அம்மா அழுதேவிட்டார். அந்த ஊசிக்குப் பிறகு பலருக்கும் வருகிற நடுக்கம்தானாம், தானாக அடங்கியது.

எனக்கு இன்னும் ஆறாதது அன்று இரவு நடந்ததுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தைக்குச் சங்கில் பவுடர் பால் புகட்டியிருந்தார்கள். கேட்டால், "ஆபரேஷன் கேஸுக்கு மூணு நாள் கழிச்சுத்தாம்மா பால் வரும்" என்றார் அந்த நர்ஸ். நானும் நம்பினேன். மறுநாள் காலை டியூட்டிக்கு வந்த இன்னொரு சிஸ்டர்தான் என் மார்பை மெதுவாக அழுத்திக் காட்டினார். மஞ்சளாக, பிசுபிசுவென்று நாலைந்து சொட்டு. சீம்பால்! பால் கட்டத்தான் மூன்று நான்கு நாள் ஆகும், சீம்பால் முதல் நாளே இருக்கும், பிறந்த குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அது போதும் என்றார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தையலில் இடிக்காமல் குழந்தையைப் பக்கத்தில் கிடத்தினார். பற்றிக்கொண்டான். தியேட்டருக்குப் போகும் முன்பே, "என்னைக் கேட்காமல் பவுடர் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கூட இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.

யூரின் ட்யூபை எடுத்ததும் எழுந்து நடக்கச் சொன்னார்கள். மல்லாந்த நிலையில் அப்படியே எழ முயன்று உயிர் போய்விட்டது. பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். சிசேரியன் என்றால் உதிரப்போக்கு இருக்காது என்று நினைத்து நாப்கினே எடுத்துப் போகவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் கடை கடையாக அலைந்தார். அது எல்லாப் பிரசவத்துக்கும் உண்டு, சில வாரம் இருக்கும். பெரிய நாப்கினும், எலாஸ்டிக் தையலில் உரசாத உயரமான உள்ளாடையும் பையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம். தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் கோத்துக்கும் என்று அம்மா வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தார். நாக்கு ஒட்டிக்கொள்ளும், கெஞ்சுவேன். மலம் இறுகி, முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் அம்மா எதிரிலேயே கேட்டுவிட்டேன். தண்ணீருக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை, தாகம் தீரக் குடிக்கணும், இல்லையென்றால் மலச்சிக்கல் இப்படித்தான் படுத்தும் என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார். மலம் இளக ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது கசிவு, ஒரு மணி நேரத்திலேயே ஒரு நாப்கின் நனைவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்க எழுந்தேன். கேட்காமலே அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.