காறை எலும்பை வைத்து வயது கணித்த அனுபவம்

பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒரு பையனுக்கு 18 வயது நிரம்பிவிட்டதா என்று கேட்டு எங்கள் ஸ்கேன் பிரிவுக்குக் கடிதம் வந்தது. குழந்தைகளின் கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஆனால் சட்டத் தேவைக்காகக் காறை எலும்பை, அதாவது தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் முறை.

முதலில் அவனிடம் உட்கார்ந்து பேசினேன். ஹார்மோன் கோளாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு எல்லாம் எலும்பு முதிர்வதையே மாற்றிவிடும். கேட்காமல் ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. "தம்பி, இது நோய்க்காக எடுக்கிற ஸ்கேன் இல்லை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்" என்றேன்.

"எடுங்க டாக்டர். எனக்கே தெரியாத தேதி அதுல தெரிஞ்சிடுமா?"

"தேதி தெரியாதுப்பா" என்றேன். தலையாட்டிக்கொண்டான்.

நேராக சி.டி.க்குப் போகக் கூடாது. முதலில் உடல் பரிசோதனை, பல் எக்ஸ்ரே, கை எக்ஸ்ரே. கையில் வளர்ச்சி மிச்சமிருந்தால் அதிகக் கதிர்வீச்சுள்ள சி.டி.க்கு அவசியமே வராது. இவனுக்குக் கையின் வளர்தட்டுகள், அதாவது எலும்பு நீள்வதற்கு இடம்தரும் குருத்தெலும்புப் பட்டைகள் எல்லாம் மூடியிருந்தன. 18க்கு முன்பே பலருக்கு மூடிவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து 18ஐத் தாண்டிவிட்டான் என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் காறை எலும்பு. கருவில் 5, 6 வாரங்களிலேயே முதல் ஆளாக எலும்பாகத் தொடங்குவது இது. ஆனால் மார்பெலும்பைத் தொடும் அதன் உள்முனை, உடலின் நீள எலும்புகளிலேயே கடைசியாக, இருபதுகளில்தான் முழுதாக ஒட்டி முடியும்.

சி.டி. எலும்பைக் குறுக்கே அடுக்கடுக்கான வெட்டுகளாகக் காட்டும்; படங்கள் முதலில் தடிமனான வெட்டுகளாக வந்தன. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தன, ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. தடிமனான வெட்டில் மெல்லிய இடைவெளி மங்கி, ஒட்டாத எலும்பு ஒட்டியதுபோல் தெரியலாம்; ஒரு சிறுவன் பெரியவன் ஆகிவிடுவான். பதிவான அதே தரவிலிருந்து 1 மி.மீ. வெட்டுகளாக மறுபடி உருவாக்கித் தரச் சொன்னேன். அதற்கு மறுபடி கதிர்வீச்சு தேவைப்படவில்லை.

2004இல் ஷ்மெலிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த 5 நிலைகளும், 2010இல் கெல்லிங்ஹவுஸ் குழுவினர் 2, 3ஆம் நிலைகளுக்குச் சேர்த்த ஏ, பி, சி உட்பிரிவுகளும்தான் அளவுகோல். காறையின் உள்முனையில் தனியாக உருவாகும் முனைத்துண்டு இன்னும் எலும்பாகவில்லை என்றால் 1. எலும்பாகி, தனியாக நின்றால் 2. ஒரு பகுதி ஒட்டியிருந்தால் 3. முழுதும் ஒட்டி, தழும்புக்கோடு மட்டும் தெரிந்தால் 4. அந்தக் கோடும் மறைந்துவிட்டால் 5. படிக்கச் சுலபம். திரையில் அப்படி இல்லை. இவனுடைய இடது காறையின் முனையில் மெல்லிய செதிலாக ஒரு எலும்புத்துண்டு, அதற்கும் தண்டுக்கும் நடுவே கருப்புக் கோடு. ஒவ்வொரு வெட்டாக நகர்த்திக்கொண்டே போனால், பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கோடு அறுந்து வெள்ளை வெள்ளையோடு சேர்ந்திருந்தது. அந்தச் சேர்க்கை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, அப்படியென்றால் 3-ஏ. வலதிலும் அதேதான். என் முடிவைச் சொல்லாமல் சக மருத்துவர் ஒருவரையும் தனியாகப் பார்க்கச் சொன்னேன். அவரும் 3-ஏ என்றார்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். கடிதம் அனுப்பிய அலுவலகத்திலிருந்து போன்: "ஒரே ஒரு எண் போட்டுக் கொடுங்க, போதும்." போட முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த முறை சொல்வது குறைந்தபட்ச வயதை, அதாவது ஆய்வுத் தொகுப்பில் அந்த நிலையை எட்டியவர்களில் மிக இளையவரின் வயதை. 3-சி, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒட்டிய நிலை வந்திருந்தால் அது 19. 18ஐத் தாண்டியவர் என்று தைரியமாக எழுதலாம். 3-ஏ 18க்குக் கீழுள்ளவர்களிடமும் உண்டு, மேலுள்ளவர்களிடமும் உண்டு. சராசரியைப் பிடித்து ஒரு எண்ணை எழுதினால், அந்தச் சராசரிக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைத் தெரிந்தே பெரியவர்கள் பட்டியலில் தள்ளுகிறோம். பெரியவர்களோடு அடைக்கப்படுவதும், பள்ளியும் பாதுகாப்பும் கிடைக்காமல் போவதும் அந்த ஒரு எண்ணால் நடக்கக்கூடியவை.

அறிக்கையில் நிலை, வெட்டின் தடிமன், இருவர் தனித்தனியாகப் பார்த்தது எல்லாவற்றையும் எழுதி, "18 வயது நிரம்பியதாக உறுதிசெய்ய இயலாது" என்று முடித்தேன். மறுபடி போன் வந்தது. அந்த வரியை நான் மாற்றவில்லை.