உணவுச் சலுகைப் பத்தியில் நூறு சதவீதம்

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, அந்த முகவரிக்குரிய அரசுப் பள்ளியின் மாணவர் விவரப் பட்டியலைப் பார்த்துவிடுகின்றன. குடியிருக்கும் இடமே பெரும்பாலும் பிள்ளை சேரும் பள்ளியைத் தீர்மானிக்கிறது என்பதால் இதில் வியப்பில்லை. நானும் அப்படிப் பார்த்தவன்தான். ஆனால் அப்பட்டியலின் ஒரு பத்தியை நெடுநாள் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன்.

இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்களின் சதவீதம் என்ற பத்தி அது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நிலைபெற்ற தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், வறுமைக் கோட்டு வருமானத்தின் 130 சதவீதத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவு இலவசம். 185 சதவீதம் வரை சலுகை விலை. விண்ணப்பம் வாங்கிச் சரிபார்த்த காலத்தில் இந்த எண், குறைகள் இருந்தாலும், வறுமையை ஓரளவு காட்டியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. உணவு உதவி போன்ற அரசுத் திட்டங்களின் பதிவிலிருந்தே அடையாளம் காணப்படும் மாணவர்கள் ஒரு பள்ளியில் 40 சதவீதம் இருந்தால், விண்ணப்பமே இல்லாமல் அங்குள்ள எல்லோருக்கும் இலவச உணவு தரலாம் என்றானது. 2023இல் அந்த வரம்பு 25 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே நான்கில் ஒரு பங்கினரே அவ்வாறு அடையாளம் காணப்பட்ட பள்ளியும் சில பட்டியல்களில் நூறு சதவீதம் என்று நிற்கக்கூடும். அதைக் கண்டு பட்டியலை மூடிவிடுபவர், பசித்த பிள்ளையைத் தனித்துக் காட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டையே பள்ளியின் குறையாக எண்ணிவிடுகிறார். நானும் சில பள்ளிகளை அப்படி ஒதுக்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனவாரிப் பத்திகளும் இதே போன்றவைதான். கூட்டரசுக் கணக்கில் பிரிவுகள் ஏழு; மென்பொருள் வேலைக்கு வந்த தமிழரின் மகளும், தென்கிழக்காசியாவிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய மோங் இனக் குடும்பத்தின் மகனும் ‘ஆசியர்’ என்ற ஒரே பத்தியில் அடங்குகிறார்கள். ‘நம்மவர்கள்’ எத்தனை பேர் என்று அதில் தேடுவது வீண் (தேடாதவர் நம்மில் யார்?). ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ளோரின் எண்ணிக்கை வகுப்பறையைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லும்.

சில மாநிலங்கள், அரசுப் பதிவுகளின் வழி நேரடியாகத் தகுதி உறுதியான மாணவர்களின் எண்ணிக்கையைத் தனியே தருகின்றன. இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதைத்தான். அது கிடைக்காத இடத்தில், உணவுச் சலுகைப் பத்தியை வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிடுவதில்லை.