வைல்ட்ஃபிளையில் செயலி ஏறாதபோது லாகில் எதைத் தேடுவது

சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் ஜாவா வேலையில் இருக்கும் இளையவர்கள், டிப்ளாய்மென்ட் (செயலியைச் சர்வரில் ஏற்றுவது) தோற்றுப்போன இரவுகளில் எனக்கு அனுப்பிவைப்பது பெரும்பாலும் சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாக் கோப்பின் கடைசிச் சில வரிகளைத்தான். விடை அந்த வரிகளில் இருப்பது அரிது.

ஜாவா செயலிகளை இயக்கும் சர்வரான வைல்ட்ஃபிளை ஒரு செயலியை ஒரே துண்டாக ஏற்றுவதில்லை. டேட்டாசோர்ஸ் (தரவுத்தள இணைப்பு), பெர்சிஸ்டன்ஸ் யூனிட் (தரவைச் சேமித்து எடுக்கும் பகுதி), பீன்கள் (செயலியின் ஜாவா கூறுகள்) என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சேவையாக்கி, ஒன்று சார்ந்திருப்பது எழுந்த பிறகே அதை எழுப்புகிறது. ஆகவே தரவுத்தள டிரைவர் ஒன்று நிறுவப்படாமல் இருந்தாலே, அதை நம்பிய டேட்டாசோர்ஸும் அதன் மேல் அடுக்கப்பட்ட மற்றவையும் எழாமல் நிற்க, 0180 என்ற எண்ணில் முடியும் பிழைச்செய்தி ஒன்று நீண்ட பட்டியலுடன் வந்து விழுகிறது. பட்டியல் முழுக்க நம் செயலியின் பெயரே திரும்பத் திரும்ப வருவதால், குற்றம் நிரலில்தான் என்று விடியும்வரை அதையே துருவுவோர் உண்டு. ‘மிஸ்ஸிங்’ என்று குறிக்கப்பட்ட சேவை எது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். மற்றவை அதன் விளைவுகளே. அந்தப் பெயரைச் சர்வரின் உள்ளமைவுக் கோப்பில் உள்ள ஜேஎன்டிஐ பெயருடன் (டேட்டாசோர்ஸ் போன்றவற்றைச் செயலி தேடிப்பிடிக்கும் பெயர்) எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பிறகு லாகில் மேலே சென்று, முதன்முதலில் தோன்றிய பிழையைப் படிக்க வேண்டும்.

பிழையே காட்டாத தோல்வி இதைவிடக் கொடியது. 2022இல் வந்த வைல்ட்ஃபிளை 27 முதல், சர்வ்லெட் (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) போன்றவற்றின் பெயர்களின் தொடக்கம் ‘ஜாவாக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஜகார்த்தா’ என்பதற்கு மாறிவிட்டது. பழைய பெயரில் குறிக்கப்பட்ட சர்வ்லெட்டைச் சர்வர் பொருட்படுத்துவதே இல்லை என்பதால், செயலி வெற்றிகரமாக ஏறியதாக லாக் சொல்ல, உலாவியிலோ ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை வந்து நிற்கும். அதற்காக ‘ஜாவாக்ஸ்’ என்று வரும் இடங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடவும் கூடாது. தரவுத்தளத்திற்கான ‘ஜாவாக்ஸ் எஸ்கியூஎல்’ ஜாவாவின் அடிப்படைப் பகுதி, அதன் பெயர் மாறவில்லை.

கிளாஸ் (தொகுக்கப்பட்ட ஜாவா கோப்பு) பதிப்பு பொருந்தவில்லை என்ற பிழை எளிது: அதில் வரும் எண் 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11.

டிப்ளாய்மென்ட்ஸ் கோப்புறையில் வார் கோப்பை (செயலியின் தொகுப்பு) போட்டு ஏற்றுபவர்கள், தோல்விக்குப்பின் அங்கே ‘ஃபெயில்டு’ என்று முடியும் சிறு கோப்பு ஒன்று உருவாகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். உள்ளமைவைச் சரிசெய்த பின், ‘டூடிப்ளாய்’ என்று முடியும் வெற்றுக் கோப்பை அதே இடத்தில் வைத்தால் சர்வர் மீண்டும் முயலும்.